நீல விளக்கு

"ரோபோக்கள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டனவாமே, நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிஜம்தான். ஆனால் அந்தச் சங்கதியில் பொய்யைவிட ருசியான இடம் ஒன்று உண்டு.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டேரியோ ஃப்ளோரியானோவும் எறும்பு ஆராய்ச்சியாளர் லோரன் கெல்லரும் சகாக்களோடு 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. தரையில் ஊரும் சின்ன ரோபோக்கள், குழுவுக்குப் பத்து. ஒரு பக்கம் 'உணவு', இன்னொரு பக்கம் 'விஷம்'. இரண்டிலும் ஒரே சிவப்பு வெளிச்சம். கிட்டே போனால்தான் எது எதுவென்று தெரியும். ரோபோவிடம் நீல விளக்கு உண்டு. அதை எப்போது போடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ரோபோவின் மூளையாக இருந்த நியூரல் நெட்வொர்க்கின் எடைகள்தான் மரபணு. தேறியவற்றைக் கலந்து, லேசாக மாற்றி, அடுத்த தலைமுறை. கணினிக்குள் நூற்றுக்கணக்கான தலைமுறை ஓட்டிவிட்டு, நிஜ ரோபோவில் ஏற்றிப் பார்த்தார்கள்.

பத்தும் ஒரே மரபணுக்காரர்களாக இருந்த குழுக்களில் விளக்கு ஒத்தாசைக்கு வந்தது. அந்நியர்களைச் சேர்த்து, ஆளாளுக்குத் தனி மதிப்பெண் போட்ட இடத்தில்தான் உணவுக்கு எட்டத்தில் விளக்கைப் போட்டு மற்றவர்களை ஏமாற்றும் வித்தை முளைத்தது. மதிப்பெண் போட்ட விதத்தைச் சொல்லாமல் ரோபோவைப் பொய்யன் என்பது அநியாயம். எங்கள் வகுப்பில் முதல் ரேங்குக்கு மட்டும்தான் பரிசு. முதல் பெஞ்சுக்காரன் நோட்டை முழங்கையால் மறைத்துத்தான் எழுதுவான். திட்டு வாங்கியதென்னவோ அவன்தான்.

நான் சொன்ன ருசியான இடம் ஒத்தாசைக் குழுக்களில் இருக்கிறது. சில குழுக்களுக்கு நீலம் என்றால் 'இங்கே உணவு, வா'. சிலவற்றுக்கு 'விஷம், ஓடு'. முதல் வழக்கத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனாலும் இரண்டாவதில் விழுந்த குழுக்கள் சுலபத்தில் மாறவில்லை. எப்படி மாறும்? விளக்குப் போடும் பழக்கம் மட்டும் மாறி உணவருகே நீலம் எரிந்தால், பார்க்கிறவர்கள் தெறித்து ஓடுவார்கள். பார்க்கும் பழக்கம் மட்டும் மாறி நீலத்தை நோக்கிப் போனால், விஷத்தில் போய் நிற்பார்கள். போடும் பழக்கமும் பார்க்கும் பழக்கமும் ஒரே நேரத்தில் மாறியாக வேண்டும்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் 'முந்திக்கோ' என்று அர்த்தம் என்பது எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் சொன்ன பாடம். திண்டிவனம் தாண்டி ஒருநாள் அதை நம்பி ஏறினேன். அந்த லாரி நிஜமாகவே வலது பக்கம் திரும்பியது. டயர் தேய நிறுத்தி மூச்சு விட்டபோது, கிளீனர் பையன் தலையை நீட்டிக் கத்தினான்: "இண்டிகேட்டர் போட்டோமே சார், கண்ணு தெரியலையா?"