கொதிக்கும் சூப்பில் கரையாத கோதுமை ஓடு

ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில், தியார்பக்கிர் பக்கத்திலிருந்து வந்த குர்துக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் கிண்ணம் நிறைய சூப் கொடுத்தனுப்பினாராம். புளிப்பான சூப்பில் கோழிமுட்டை அளவு உருண்டைகள். பிட்டால் வெளியே மெல்லிய கோதுமை ஓடு, உள்ளே வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கிய கொத்துக்கறி. “ஊரிலிருந்து கொண்டுவந்த கோதுமை ரவையை ஊறவைத்துப் பிசைந்து நானும் செய்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஓடெல்லாம் கஞ்சியாகிவிட்டது, கறி தனியே மிதந்தது. அவர் செய்தது மட்டும் எப்படி அரை மணி நேரம் வெந்தும் உடையாமல் நிற்கிறது?” என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. பதிலில் பெரும்பங்கு தானியத்தில் இருக்கிறது. கைப்பக்குவம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

வடபகுதிக் குர்துகளின் குர்மாஞ்சி மொழியில் இதற்கு குத்தில்க் என்று பெயர். ஈராக்கில் குப்பா, சிரியாவிலும் லெபனானிலும் கிப்பே, துருக்கியில் இச்லி கெஃப்தெ. மோசுல் நகரில் தட்டு அகலத்துக்குத் தட்டையாகவே செய்கிறார்கள். பொரிப்பதும் உண்டு, அவிப்பதும் உண்டு. பொரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. எண்ணெயில் மாவுச்சத்து கரையாது. சூப்பில் வேகவைப்பதுதான் சவால்.

குத்தில்க்கின் ஓடு புல்குரால் ஆனது. குர்துகள் அதை சவார் என்கிறார்கள். டூரம் என்னும் கடின வகைக் கோதுமையைப் பெரிய அண்டாவில் வேகவைத்து, மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்து, மேல்தோல் போகக் குத்தி, உடைத்து, பருமன்வாரியாகச் சலித்து எடுப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் புழுங்கல் கோதுமை. வாசகி பயன்படுத்தியதோ பச்சைக் கோதுமையை உடைத்த ரவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் வெவ்வேறு பொருள்கள்.

கோதுமையை வேகவைக்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது மாவுச்சத்தில். சுமார் 58 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகின்றன. பிறகு ஆறிக் காயும்போது, அவற்றிலுள்ள அமைலோஸ் என்ற நீள் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் வரிசைகட்டிப் படிகமாக இறுகுகின்றன. இப்படி ஒருமுறை இறுகிய அமைலோஸ், 100 டிகிரியைத் தாண்டினால்தான் மறுபடி இளகும். சாதாரணக் கொதிநீரால் அதை அசைக்க முடியாது. அதனால்தான் புல்குர் நீரைக் குடிக்கிறது, பெருக்கிறது, மென்மையாகிறது; ஆனால் எளிதில் கஞ்சியாவதில்லை.

இரண்டாவது மாற்றம் புரதத்தில். கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் பசை கிடைப்பதற்கு குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் காரணம். நீரோடு சேர்ந்து, கையின் அழுத்தத்தில் நீண்டு, இவை குளூட்டன் என்ற வலையைப் பின்னுகின்றன. 75 டிகிரியைத் தாண்டினால் இந்தப் புரதங்கள் மணிக்குள்ளேயே ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்புகளால் பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் எவ்வளவு பிசைந்தாலும் அவற்றால் புது வலை பின்ன முடியாது. புல்குரை மட்டும் வைத்து சப்பாத்தி மாவு பிசைய முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆக, வேகவைத்ததில் ஒரு வரவும் ஒரு செலவும். கரையாத குணம் வந்தது. ஒட்டும் குணம் போனது. இந்த இரண்டையும் ஒரே ஓட்டில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் என் மனம் கிடக்கிறது.

செங்கல் சுவரை எண்ணிப் பாருங்கள். சுடாத பச்சைக்கல் மழையில் கரையும். சூளையில் சுட்ட கல் கரையாது, ஆனால் ஈரக் களிமண்ணுக்கு இருந்த ஒட்டும் தன்மை சூளையோடு போய்விடும். இனி கல்லும் கல்லும் சேர நடுவில் கலவை வேண்டும். புல்குர், சுட்ட கல். அதற்கான கலவையைக் குர்துப் பெண்கள் இரண்டு இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். ஒன்று வேகாத ரவை. அதன் குளூட்டன் உயிரோடு இருக்கிறது. இன்னொன்று, கொழுப்பு நீக்கிய பச்சை இறைச்சி. அதை மைபோல இடித்து ஓட்டு மாவிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

ஒப்புமை இன்னும் சில படிகள் கூடவே வரும். கொத்தனார் செங்கல்லை அடுக்குவதற்கு முன் நீரில் ஊறப்போடுவார். காய்ந்த கல், கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகாமல் உதிரும். காய்ந்த புல்குரும் இதையே செய்கிறது. ஊறாத புல்குரில் ரவையைச் சேர்த்தால், ரவைக்குப் போகவேண்டிய நீரைப் புல்குர் குடித்துவிடும். குளூட்டன் உருவாக ஈரம் போதாது. ஓட்டில் கீறல் விழும். ஆகவே முதலில் புல்குரைத் தனியே ஊறவைக்க வேண்டும். கல்லின் பருமனும் முக்கியம். பெரிய கற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விழும், அங்கே சுவர் பலவீனமாகும். குத்தில்க்குக்கு நுண்ணிய புல்குரையே தேடி எடுப்பது அதனால்தான். கட்டிய சுவர் இறுகச் சில நாள் பொறுப்பதைப்போல, பிசைந்த மாவையும் அரை மணி நேரம் மூடிவைக்கிறார்கள். ரவைத் துகள் மாவைவிடப் பெரியது. அதன் நடுவரை ஈரம் போய்ச்சேர நேரம் பிடிக்கும். கடைசியில் ஈரக்கையால் உருண்டையின் மேற்பரப்பைத் தடவி வழவழப்பாக்குவது பூச்சு வேலை. இதற்குமேல் ஒப்புமை நகராது. சுவரின் கலவை குளிர்ந்த நிலையிலேயே இறுகிவிடும். குத்தில்க்கின் கலவை வெந்தால்தான் இறுகும்.

இறைச்சி எப்படிக் கலவையாகிறது என்று பார்ப்போம். தசையில் நிறைந்திருக்கும் மயோசின் என்ற புரதம் வெறும் நீரில் கரையாது. உப்பு சேர்த்து இடித்தால் வெளியே வந்து பிசுபிசுப்பான பூச்சாகப் புல்குர் மணிகளைச் சுற்றிப் படிகிறது. சூடு 50 டிகிரியைத் தாண்டும்போது இந்தப் பூச்சு திரும்ப முடியாத கூழ்மமாக உறைகிறது. இறைச்சி குளிர்ந்திருக்க வேண்டும் என்பதும், பனிநீர் தெளித்துப் பிசைவதும் இதற்காகத்தான். இடிக்கும்போதே சூடேறினால் கொழுப்பு இளகி மணிகளின்மேல் படியும். அதன்பின் மயோசினுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதற்காக இறைச்சியை அள்ளிப் போடவும் கூடாது. வேகும்போது தசைப்புரதம் சுருங்கும். அது மிகுந்தால் ஓடே சுருங்கி உள்ளடக்கத்தை நெருக்கிப் பிதுக்கிவிடும்.

அடுத்து, சூப்புக்குள் என்ன நடக்கிறது? ஓடு சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஈரமான உணவுப்பொருளில் வெப்பம் பரவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்தத் தடிமனைக் கடக்க ஏறத்தாழ 3 நிமிடம். உருண்டையின் நடுவை அடைய 10 நிமிடத்துக்கு மேல். அதாவது ஓடு முழுவதும் வெந்து இறுகும் வேளையில் உள்ளே கறி இன்னும் ஆறித்தான் இருக்கிறது. இந்த இடைவெளி குத்தில்க்கைக் காப்பாற்றுகிறது. வெதுவெதுப்பான சூப்பில் போட்டால் இடைவெளி குலைந்துவிடும். மேற்பரப்பு மாவுச்சத்து கூழாகி மூடிக்கொள்வதற்கு முன்பே துகள்கள் உதிர ஆரம்பிக்கும். எனவே போடும் கணத்தில் சூப் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

போட்ட சில நிமிடத்தில் தீயைக் குறைத்துவிட வேண்டும். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டுக்குள் சிறிது காற்று எப்போதும் மாட்டிக்கொள்ளும். காற்று மட்டும் விரிந்தால் ஆபத்தில்லை. ஆனால் அந்தக் குமிழைச் சுற்றி ஈரம் இருக்கிறது. சூடு ஏற ஏற நீராவியும் அதற்குள் புகுகிறது. 30 டிகிரியில் அடைபட்ட ஈரக்காற்று, 85 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இடம் கேட்கும். 95 டிகிரியில் அதுவே 7 மடங்காகிவிடும். கடைசிப் பத்து டிகிரிதான் ஓட்டைப் பிளக்கிறது. கறியைப் பொதியும்போது காற்றை அழுத்தி வெளியேற்றுவதும், சூப்பை லேசாகக் கொதிக்கவிடுவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. பிடித்த குத்தில்க்கை உறையவைத்து, பனிக்கட்டியாகவே கொதிசூப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சரியான வழிதான். உள்ளே பனி உருகி முடிவதற்குள் ஓடு முழுக்க இறுகிவிடும்.

சூப்பின் புளிப்பைப் பற்றி ஒரு சொல். குர்து யூதர்கள் செய்யும் ஹமுஸ்தா என்ற சூப்பில் செலரி, கீரை, சுக்கினி, பூண்டு, எலுமிச்சை சேரும். அமிலம் பட்டதும் கீரையின் பச்சையம் மக்னீசியத்தை இழந்து ஆலிவ் நிறத்துக்குப் போய்விடும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, அந்தச் சூப்பின் இயல்பான நிறமே அதுதான். இதே உருண்டைகளைப் போடும் பீட்ரூட் சூப்பில் நிலைமை தலைகீழ். பீட்டானின் என்ற சிவப்பு நிறமி லேசான புளிப்பில் நன்றாகவே நிலைக்கும். அதைக் கெடுப்பது நீண்ட நேரச் சூடு.

வரலாறு கேட்பார்கள், ஒரு பத்தி போதும். துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு நாடுகளில் பரவியிருக்கும் குர்து நிலம், கோதுமை பயிரான பழைய நிலங்களில் ஒன்று. தியார்பக்கிருக்கு அருகிலுள்ள கராஜாதா மலையின் காட்டு ஐன்கார்ன் கோதுமையே பயிரான ஐன்கார்னுக்கு மிக நெருங்கிய உறவு என்று 1997-ல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. 1950–51-ல் ஈராக்கிலிருந்து யூதர்கள் பெருந்திரளாக இஸ்ரேலுக்குப் போனபோது, ஸாகோ, அமேதி போன்ற ஊர்களின் குர்து யூதர்களும் போனார்கள். அவர்களோடு இந்தச் சூப்புகள் ஜெருசலேம் போய்ச்சேர்ந்தன.

குத்தில்க் 4000 ஆண்டுப் பழமை உடையது என்று இணையக் காணொளிகள் சொல்வதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள, சுமார் 3700 ஆண்டுப் பழமையான பாபிலோனியக் களிமண் பலகைகளில் இறைச்சிக் குழம்புக் குறிப்புகள் இருப்பது உண்மை. குழம்பு இருந்ததை வைத்து அதில் மிதந்த உருண்டையையும் ஊகித்துவிட முடியாது.

இன்னொரு மிகைப்பேச்சு, புல்குர் நீரிழிவுக்கு மருந்துபோல வேலை செய்யும் என்பது. வேகவைத்த புல்குரின் சர்க்கரை உயர்த்து எண் (கிளைசீமிக் இன்டெக்ஸ்) ஏறத்தாழ 48. இது குறைவுதான். ஆனால் அந்த அளவு, மணி மணியாக வெந்த புல்குருக்கு எடுக்கப்பட்டது. நுண்ணியதாக உடைத்து, ரவை சேர்த்து, பிசைந்து, கொதிக்கவைத்த ஓட்டுக்கு அதே எண் பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. துகள் சிறுத்தால் செரிமான நொதிகளுக்கு வேலை எளிது. நல்ல உணவு என்று சொன்னால் போதும். அதை மருந்தாக்கி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

வாசகிக்கும், செய்து பார்க்க விரும்பும் மற்றவர்களுக்கும் செய்முறை. 2 கப் நுண்ணிய புல்குரில் ஒன்றரை கப் வெதுவெதுப்பான நீரை ஊற்றி அரை மணி நேரம் மூடிவையுங்கள். ஜெர்மனியில் துருக்கியக் கடைகளில் புல்குர் எளிதாகக் கிடைக்கும். பையில் எழுதியிருக்கும் பருமனைப் பார்த்து மிக நுண்ணியதை எடுங்கள். நம் கடைகளில் டாலியா என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பச்சைக் கோதுமை உடைசல். அது இதற்கு ஆகாது. ஊறிய புல்குரில் ஒரு கப் வறுக்காத ரவையும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து நன்றாகப் பிசைய வேண்டும். வறுத்த ரவை வேண்டாம், வறுக்கும் சூடே குளூட்டனின் பிடிப்பைக் குறைத்துவிடும். விருப்பம் இருந்தால் 100 கிராம் கொழுப்பில்லாத ஆட்டுக்கறியைக் குளிர்ந்த நிலையில் மைய அரைத்துச் சேர்க்கலாம். இன்னும் அரை மணி நேரம் மாவு மூடியபடி இருக்கட்டும்.

உள்ளே வைக்க, கால் கிலோ கொத்துக்கறியும் அதே அளவு வெங்காயமும். நீர் சுண்ட வதக்கி, மிளகும் உப்பும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் கொழுப்பு உறையும்வரை வையுங்கள். சூடான கறியை வைத்தால் ஓடு உள்பக்கமிருந்தே நனைந்து பிளக்கும். உள்ளங்கையை நனைத்து, எலுமிச்சை அளவு மாவை உருட்டி, கட்டைவிரலால் குழித்து, சுழற்றிச் சுழற்றிச் சுவரை மெல்லியதாக்குங்கள். கறியை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஈரக்கையால் மேற்பரப்பைத் தடவுங்கள். சூப் கொதிக்கும்போது போட்டு, மூன்று நான்கு நிமிடம் கழித்துத் தீயைக் குறைத்து, மேலும் இருபது நிமிடம் வேகவிடுங்கள். அந்த முதல் சில நிமிடங்கள் கரண்டியால் கிளற வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். ஓடு உதிர்ந்தால் மீதி மாவில் இரண்டு கரண்டி ரவை சேர்த்துப் பிசைந்து, இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள். உதிராமல் பிளந்தால் மாவில் குறை இல்லை, தீயைக் குறையுங்கள்.