வீட்டுக் கணினி – 14: அழித்த கோப்பு எங்கே போகிறது?

பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காம்பராவில் கணினி இருந்தால், அதற்குள் அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கையும் சேர்ந்திருக்கும். ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தாவின் ஈ.பி.எப். கடிதம், திருவிழாப் படங்கள். அதில் ஒன்று தவறி அழிந்துவிட்டால், “போட்டோதானே” என்று விட்டுவிட நம்மால் முடியாது.

காரணம் பழையது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது: மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு. கையில் காகிதம் இல்லாததால் தள்ளப்பட்ட விண்ணப்பங்கள் ஏராளம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு வீட்டுப் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. ஒரு காகிதத்தின் விலை இந்த மக்களுக்குத் தெரியும்.

சரி, டெலிட் அழுத்தியதும் என்ன நடக்கிறது? கோப்பு முதலில் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அங்கிருந்து ஒரு சொடுக்கில் திரும்ப எடுக்கலாம். ஷிப்ட்டோடு சேர்த்து அழுத்தினாலோ, பென் டிரைவிலிருந்து அழித்தாலோ பின்னுக்குப் போகாது. அப்போதும் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. செக்ரோலில் பேரை வெட்டினாலும், அந்தக் காம்பராவுக்கு வேறு ஆள் வரும்வரை பழைய ஆள் அங்கேயே குடியிருப்பதைப் போலத்தான். கணினி தன் பட்டியலில் “இந்த இடம் காலி” என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பழைய டொஸ் காலத்தில் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிவைக்கும். அதனால்தான் 1991இல் வந்த எம்.எஸ். டொஸ் 5இன் ‘அன்டிலீட்’ கட்டளை, மீட்கும்போது அந்த முதல் எழுத்தை நம்மிடமே கேட்டது. பென் டிரைவுகளில் இன்றும் புழங்கும் ஃபாட்32 அதே பரம்பரை.

ஆகவே ஆபத்து எல்லாம் அடுத்து எழுதப்படுவதில்தான். அழிந்தது தெரிந்த கணமே கையை எடுத்துவிட வேண்டும். பாட்டு இறக்காதீர்கள், படம் பார்க்காதீர்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. தேடப் போன கருவியே தேடும் பொருளின் மேல் எழுதிவிடும். பென் டிரைவ் என்றால் கழற்றி வையுங்கள். சி டிரைவ் என்றால் கணினியை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் பூட்டுங்கள். டவுனில் திருத்தக் கொடுத்தால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: “போர்மட் போட்டுறாதீங்க, உள்ளே இருக்கிறதுதான் வேணும்.”

கருவிகளுக்குக் காசு தேவையில்லை. மைக்ரோசொஃப்ட்டின் ‘விண்டோஸ் ஃபைல் ரிக்கவரி’ இலவசம். கட்டளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’கும் இலவசம். அது பட்டியலையே பார்ப்பதில்லை. டிஸ்க் முழுவதையும் துழாவி, ஒரு ஜேபெக் படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் படத்தைப் பிடிக்கும். பெயர்கள் திரும்பி வராது, துண்டு துண்டாகக் கிடந்த கோப்புகள் உடைந்து வரலாம். மீட்டதை வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள். பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அம்மாவின் அடையாள அட்டை அதில் இருக்குமென்றால் அந்த உழைப்பு பெரிதல்ல.

எஸ்.எஸ்.டி. உள்ள புதிய மடிக்கணினி வேறு கதை. விண்டோஸ் ‘ட்ரிம்’ என்ற கட்டளையால் காலியான இடத்தை டிஸ்க்குக்கு அறிவித்துவிடும், டிஸ்க் தானே துடைத்துவிடும். அங்கே நம்பிக்கை மிகக் குறைவு. கைபேசியில் கூகுள் ஃபோட்டோஸ் என்றால் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள்: பேக்கப் ஆன படங்கள் 60 நாள் அங்கே இருக்கும்.

அரசாங்கமே இதில் தப்பவில்லை. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் பறிபோயின. சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் உட்பட. அந்த மாதங்களுக்கு மறுபிரதி இருக்கவில்லை. கொழும்பில் இந்த நிலை என்றால், லயத்தில் ஒரே பென் டிரைவை நம்பியிருப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கடைசியாக ஒன்று, பலர் மறப்பது. அந்தச் சான்றிதழை எப்போதாவது யாருக்காவது அனுப்பினீர்களா? கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு, குவைத்தில் இருக்கும் அக்காவுக்கு? அவர்களுடைய வாட்ஸ்அப்பில் அது இன்னும் இருக்கலாம். இனி அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’டாக அனுப்புங்கள், எழுத்து மங்காமல் போய்ச் சேரும்.

அடுத்த வாரம்: மூன்று பிரதிகளை எங்கெங்கே வைப்பது?