உங்களுக்குத் தெரியுமா? எலும்பைப் பார்த்தே எடை சொல்லலாம்!

◆ நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை. கடுங்கோடையில் தண்ணீரில்லாமல் சில மடிந்துபோவதுண்டு. அப்படி மடிந்த ஒன்றின் கால் எலும்புகள் கிடைத்தாலே அதன் உயரத்தையும் நிறையையும் கணித்துவிடலாம்.

◆ உயரத்துக்கு எலும்பின் நீளம் வேண்டும். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் எலும்பின் வெளிப்பக்க நீளத்தை 6.41ஆல் பெருக்க வேண்டும். இது 1888இல் கீசெவால்ட்டர் என்ற ஆய்வாளர் தந்த எண். எலும்பு 20 செ.மீ. என்றால், குதிரை தோள்மட்டத்தில் ஏறத்தாழ 128 செ.மீ. நின்றிருக்கும்.

◆ நிறைக்கு நீளம் உதவாது, தடிப்புத்தான் பேசும். மெலிந்த நெட்டைக் காலும் உண்டு, பருத்த குட்டைக் காலும் உண்டு. ஆனால் பாரத்தைத் தாங்குவது எலும்பின் சுற்றளவு. முன்னங்கால் மேலெலும்பையும் தொடையெலும்பையும் அவற்றின் மிக ஒடுங்கிய இடத்தில் சுற்றி அளந்து கூட்டினால், அந்தத் தொகையிலிருந்து நாலுகால் விலங்கின் நிறையைக் கணிக்கலாம் என்று 1985இல் ஆய்வாளர் அண்டர்சனும் இரு சகாக்களும் காட்டினார்கள். கூட்டுத்தொகை 250 மி.மீ. என்றால் சுமார் 275 கிலோ. அது இரட்டித்தால் நிறை ஆறரை மடங்குக்கும் மேல் ஏறும்! விடை கால்வாசி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

◆ உயிருள்ள குதிரைக்கு அளவுநாடா போதும். நெஞ்சுச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 11,880ஆல் வகுக்க வேண்டும் (எல்லாம் செ.மீ.). 145 சுற்றளவும் 130 நீளமும் உள்ளது ஏறக்குறைய 230 கிலோ. நெடுந்தீவுக் குதிரைகளை உயிரோடு இருக்கும்போது இப்படி அளந்து, இறந்தபின் அவற்றின் எலும்பையும் அளந்து வைத்தால், அந்தத் தீவுக்கென்றே ஒரு சூத்திரம் கிடைக்கும். எலும்புகள் வெயிலில் வெடித்து உதிர விடுவது பெரிய இழப்பு.

◆ அந்த இழப்பு அரியலூரில் நடந்தே விட்டது. கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ் டைனோசரின் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று பதிவானது. நூறு தொன்னைத் தாண்டியிருக்கும் என்கிறார்கள் சிலர். எலும்புகள் சிதைந்துபோனதால் மறுபடி அளந்து பார்க்க வழியில்லை.

◆ பாக்கு நீரிணைக் கடற்பசுவிடம் கால் எலும்புச் சூத்திரம் செல்லாது. அதற்குப் பின்னங்கால்களே இல்லை. உடல் பாரத்தைக் கடல்நீர் தாங்குகிறது. விலா எலும்புகளோ உள்ளே கெட்டியாகி, அது நீரில் அமிழ்ந்து புல் மேய உதவுகின்றன. அந்தக் கனத்தை வைத்துக் கணக்கிட்டால் விடை பிழைக்கும். அதனால் கடற்பசுவின் நிறையை அதன் முழு உடல் நீளத்தைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள்.