மாவோரி மொழி மீட்பில் சட்டத்தின் பங்கு

முன்னுரை

நியூசிலாந்தின் தொல்குடி மொழியாகிய மாவோரியைப் பள்ளிகளிலிருந்து விலக்குவதற்குச் சட்டமே துணைநின்றது. 1867ஆம் ஆண்டின் தொல்குடிப் பள்ளிகள் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக வற்புறுத்தியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அம்மொழியை மீட்க முனைந்தோரும் சட்டத்தையே நாடினர். 1987, 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களுக்கு எதனை வழங்கின, எதனை வழங்காது விட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீதிமன்றத்தில் மாவோரி

மாவோரியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமென்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் 1972இல் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. ஆயினும் நீதிமன்றங்களில் அம்மொழிக்கு இடமில்லை. மிஹாக்கா என்பவர் தம் வழக்கில் மாவோரியில் பேச விரும்பியபோது, அவர் ஆங்கிலம் அறிந்தவர் என்பதால் அவ்வுரிமை இல்லையென மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 1362இல் இயற்றப்பட்ட வழக்குரை மொழிச் சட்டம் இத்தீர்ப்புக்கு ஆதாரமாயிற்று. பிரெஞ்சு மொழியில் நடந்த வழக்குகள் மக்களுக்கு விளங்கவில்லை என்ற குறையைத் தீர்க்க எழுந்த சட்டம் அது. மக்களின் மொழியை மன்றத்துக்குள் கொணர்ந்த அச்சட்டமே வேறொரு மக்களின் மொழியைத் தடுக்கப் பயன்பட்டது.

இந்நிலையை மாற்றியது வைதாங்கித் தீர்ப்பாயம் 1986இல் வெளியிட்ட அறிக்கையாகும். மாவோரித் தலைவர்களுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையே 1840இல் ஏற்பட்ட வைதாங்கி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, மாவோரியரின் ‘தவோங்கா’க்களுக்கு, அதாவது அவர்கள் போற்றும் செல்வங்களுக்கு, உறுதியளிக்கிறது. மொழியும் அத்தகைய செல்வமே என்றும், அதனைத் தடுக்காதிருத்தல் போதாது, முனைந்து காத்தலே அரசின் கடமை என்றும் தீர்ப்பாயம் கூறியது. இவ்விளக்கத்தால், அதுவரை அரசின் சலுகையாகக் கருதப்பட்ட மொழிப் பாதுகாப்பு ஒப்பந்தக் கடமையாயிற்று.

1987ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் மாவோரியை ஆட்சிமொழியாக அறிவித்து, மாவோரி மொழி ஆணையத்தையும் அமைத்தது. ஆங்கிலம் அறிந்தவரும் நீதிமன்றத்தில் மாவோரியில் பேசலாம் என்றாயிற்று. ஆனால் அரசுத் துறைகளிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் அம்மொழியைப் பயன்படுத்தும் உரிமை வேண்டுமென்ற தீர்ப்பாயத்தின் பரிந்துரை ஏற்கப்படவில்லை. நீதிமன்றத்திலும் பேசுவதற்கே உரிமை. மாவோரியிலேயே மறுமொழி வேண்டுமென்று கோர இயலாது. மொழி வழக்காறு உரையாடலால் வாழ்வது என்பதை நோக்க, இது அரைகுறை உரிமையே எனலாம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

முந்தைய சட்டத்தை நீக்கி வந்த இச்சட்டம், அரசின் கடந்தகாலக் கொள்கைகள் மாவோரிக்கு இழைத்த தீங்கை ஒப்புக்கொள்கிறது. இருமொழிகளில் இயற்றப்பட்ட இதன் வாசகங்கள் பொருளில் முரண்பட்டால் மாவோரி வாசகமே செல்லும். இதனினும் முதன்மையானது ‘தே மாத்தாவாய்’ என்னும் அமைப்பாகும். அதன் பதின்மூன்று உறுப்பினர்களுள் எழுவரைக் குலக்குழுக்களும் நால்வரை மாவோரி மொழி சார்ந்த அமைப்புகளும் தெரிவுசெய்கின்றன. இருவரை மட்டுமே அமைச்சர் நியமிக்கிறார். வீட்டிலும் சமூகத்திலும் மொழியை வளர்க்கும் திட்டம் இவ்வமைப்பின் பொறுப்பாகவும், பொதுத்தளத்தில் அதனைப் பரப்பும் திட்டம் அரசின் பொறுப்பாகவும் பிரிக்கப்பட்டன.

இப்பகுப்புக்கு நடைமுறை முன்னோடி இல்லாமலில்லை. மழலையர் முற்றிலும் மாவோரியிலேயே வளரும் ‘கோஹங்கா ரேயோ’ என்னும் மொழிக்கூடுகளை மாவோரியர் 1982இலேயே, அதாவது முதற்சட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, தொடங்கியிருந்தனர். அங்கு மாவோரியில் கேட்ட குழந்தைக்கு மாவோரியிலேயே மறுமொழி கிடைத்தது. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அம்மறுமொழியை உரிமையாக்கவில்லை.