உரைக்கு உரியவர் யார்?

பழைய உரையொன்றைக் கற்கும்போது, ஏட்டிலே கண்ட ஆசிரியர் பெயரை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். அப்பெயர் பிழையாயின் உண்மையை அறிவது எங்ஙனம்? நமது நாட்டிலும் மேல்நாட்டிலும் நிகழ்ந்த இரண்டு செய்திகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. அங்குக் கற்றுத் தேறியவருள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய இவர், செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றும் பெரும்பணியை மேற்கொண்டார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வெளியிட்டபோது, ஒன்பது இயல்களின் உரையும் நச்சினார்க்கினியருடையது என்றே பதிப்பித்தார். பின்னர் இரா. இராகவையங்கார், இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்று ஒப்புநோக்கி நிறுவினார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் இயற்றிய உரையும் வேறாகக் கிடைத்து அச்சேறியது.

இதனையொத்த நிகழ்ச்சி கிறிஸ்தவ வேத உரை வரலாற்றிலும் உண்டு. பிரான்சு தேசத்தின் வடபாலுள்ள கோர்பி மடத்திலே 9ஆம் நூற்றாண்டு இலத்தீன் கையெழுத்துப் பிரதியொன்று இருந்தது. பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களுக்கு அமைந்த அவ்வுரை, மிலான் நகரத்து ஆயர் அம்புரோசியார் பெயரால் வழங்கியது. உண்மையில் அதுவும் இருவர் உரைகளின் சேர்க்கையே. உரோமர், கொரிந்தியர் நிருபங்களின் உரை ஒருவருடையது. கலாத்தியர் முதல் பிலேமோன் ஈறாகிய பத்து நிருபங்களின் உரை மற்றொருவருடையது. 1852இல் இப்பிற்பகுதியை வெளியிட்ட பித்ரா என்னும் துறவியார், அதனை இலாரியார் என்பவருக்கு உரியதாக்கினார்.

உண்மையைக் காட்டியவை கிரேக்கத் தொகையுரைகள். அவற்றில் ஒவ்வொரு வசனத்தின் கீழும் ஆசிரியர் பலருடைய விளக்கங்கள் பெயருடன் கோக்கப்பட்டிருக்கும். மொப்சுவேஸ்தியா நகரத்து ஆயர் தியோடோர் பெயரால் அங்கே வந்த வாக்கியங்கள் இவ்விலத்தீன் உரையோடு ஒத்திருந்தன. ஜெர்மனியில் யாக்கோபியும் இங்கிலாந்தில் ஹோர்ட்டும் தனித்தனியே இதனைக் கண்டனர். 1880இலும் 1882இலும் ஸ்வீட் என்பார் கேம்பிரிட்ஜில் இரு தொகுதிகளாக அதனைப் பதிப்பித்தார்.

தியோடோர் 428இல் மறைந்தவர். உருவகப் பொருள் தேடி அலையாது, சொல்லையும் வரலாற்றையும் பற்றி நின்று வேதத்தை விளக்கியவர். 125 ஆண்டுகள் கழித்து, 553இல் கொன்ஸ்தாந்திநோபிளிற் கூடிய பொதுச்சங்கம் அவரையும் அவர் எழுத்துக்களையும் கண்டனஞ் செய்தது. கிரேக்க மூலம் சிதறுண்டு துணுக்குகளாய் எஞ்சியது. இலத்தீன் மொழிபெயர்ப்போ, யாவரும் போற்றிய அம்புரோசியாரின் பெயரைத் தாங்கியிருந்தமையால் மடங்களிலே ஐயத்துக்கு இடமின்றிப் பேணப்பட்டது. பிழையான பெயரே நூலுக்குக் கவசமாயிற்று!

ஆயினும் கவசத்தைக் களைந்து உரியவரை அறிதலே நீதி. பேராசிரியரின் புலமைப் பயனை நச்சினார்க்கினியர் கணக்கில் எழுதுவது இருவருக்கும் இழைக்கும் குறையாகும், தியோடோருக்கும் அஃதே. இதற்காக முதற் பதிப்பாசிரியரை இகழ்தல் தகாது. ஏட்டிற் கிடந்ததை அவர் அச்சில் ஏற்றியதனாலன்றோ பின்வந்தோர் ஒப்பிட்டுத் தெளிய முடிந்தது? அழியாமற் காத்தவர் ஒருவர். உரியவரை அறிவித்தவர் மற்றொருவர். இருவர் தொண்டும் சேர்ந்தே பழைய உரையொன்றை அதன் ஆசிரியரிடம் மீட்டுச் சேர்க்கின்றன.