சக்கரம் கழற்ற ஒரு அரிசி மூட்டை

நம் சங்கத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு மிகக் குறைவு. ஆனால் அதன் சக்கரத்தைத் தம் கையாலேயே கழற்றியவர்கள் யார் யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் இருக்காது. நானும் அப்படித்தான் இருந்தேன். தெருமுனையில் பஞ்சர் கடை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, பக்கத்தில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பிறகு எதற்குக் கையில் கிரீஸ் பூசிக்கொள்வது?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. இங்கே நாக்பூரில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலை ஏழு மணி டியூட்டிக்கு அவளைக் கொண்டுபோய் விடுவது என் பழைய ஸ்ப்ளெண்டர்தான். ஏப்ரலில் ஒரு மாலை பார்த்தால் முன் டயர் காற்று இறங்கித் தரையோடு தரையாகக் கிடக்கிறது. பஞ்சர் போடும் பெரியவர் பின்சந்தில்தான் குடியிருக்கிறார். போன் செய்தேன். "வண்டியைக் கொண்டுவராதீர்கள், வழியில் போலீஸ் நிற்கிறது. சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்து வாருங்கள், வாசலில் வைத்தே ஒட்டித் தருகிறேன்" என்றார்.

பின்சக்கரமாக இருந்திருந்தால் கவலையில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டாலே அது தரையை விட்டு எழும்பிவிடும். முன்சக்கரம் அப்படி எழும்பாது. என்ஜினுக்கு அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைத்து, மாடியில் கிடந்த இரண்டு செங்கல்லை நிமிர்த்தி வைத்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். ஆக்ஸிலை உருவினேன், சக்கரம் தனியே வந்தது. அவன் அதை நகர்த்திவிட்டுக் கையை எடுத்த மறுவிநாடி படாரென்று செங்கல் பிளந்தது. வண்டி முன்னால் சாய, ஸ்டாண்டு மடங்கி, ஃபோர்க் இரண்டும் சிமெண்டுத் தரையில் இடித்து நின்றன. அவன் விரல்கள் அதற்கு முன் இருந்த இடத்தில் மட்கார்டு வளைந்து கிடந்தது. வண்டியின் எடை சுமார் 110 கிலோ. அன்று யாரும் யாரையும் திட்டவில்லை. சற்று நேரம் படியில் உட்கார்ந்திருந்தோம்.

அப்படி உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வண்டியைத் தூக்குவது பலத்தின் வேலையல்ல. சென்டர் ஸ்டாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் இழுத்தால் இடுப்பு பிடிக்கும். இடது கையில் ஹாண்டில், வலது கையில் சீட்டுக்குப் பக்கத்துப் பிடி. ஸ்டாண்டின் இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும்வரை காலால் மெல்ல அழுத்தி, வண்டியை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். அதன்பின் உடம்பின் மொத்த எடையையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானே ஏறி உட்காரும். கைகள் வழிகாட்டினால் போதும். என் மனைவி இப்போது என்னைவிடச் சுலபமாகப் போடுகிறாள்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஒரு முக்காலி. ஸ்டாண்டின் இரண்டு கால், மூன்றாவது கால் ஏதாவது ஒரு டயர். வண்டியின் எடை மையம் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால் இருப்பதால் சாதாரணமாக முன்டயர்தான் அந்த மூன்றாவது கால். பின்சக்கரத்தைக் கழற்றினால் பின்பக்கம் இன்னும் லேசாகி, முன்டயர் மேலும் நன்றாக ஊன்றிக்கொள்ளும். முன்சக்கரத்தைக் கழற்றும்போதோ, நிற்கிற காலையே எடுக்கிறோம். ஆகவே எடையை முதலிலேயே பின்னால் கொண்டுபோய், பின்டயரை மூன்றாவது காலாக்கிவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து ஸ்டாண்டிலேயே இருக்கிறது. வண்டியைப் பின்னால் இழுத்து ஏற்றுகிறோம், முன்னால் தள்ளி இறக்குகிறோம். அப்படியானால் வேலை நடுவில் யாராவது முன்பக்கமாக இடித்தாலும் அது மடங்கத்தான் செய்யும். ஸ்டாண்டின் காலை ஒரு கயிற்றால், என்ஜினுக்கு முன்னால் இறங்கும் சட்டக் குழாயோடு இழுத்துக் கட்டிவிட்டால் மடங்காது. அன்று எனக்கு இது தோன்றாமல் போனதே!

மகனும் நானுமாக வண்டியை நிமிர்த்தினோம். இம்முறை ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை போட்டோம். உயரமும் கிடைக்கிறது, நாக்பூர் வெயிலில் இளகிய தார் ரோட்டில் நிறுத்தினாலும் கால் புதையாது. கயிற்றைக் கட்டினோம். பின்சீட்டுக்குப் பாரம் வேண்டும். ஊரிலிருந்து வந்த பொன்னி அரிசி 25 கிலோ மூட்டை பிரிக்காமல் இருந்தது. "என்னங்க, அதுதான் இந்த மாசத்துக்கு" என்றாள் மனைவி. சீட்டின் கடைசியில் வைத்துக் கட்டினோம். ஊஞ்சல் பலகை போல வண்டி மெல்லப் பின்னால் சாய்ந்து முன்பக்கம் எழும்பியது. அதன் பிறகும் மூட்டையை மட்டும் நம்பவில்லை. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டைகளைக் கிடையாக அடுக்கி, மேலே பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்து முட்டுக் கொடுத்தோம். ஆயில் இறக்கும் போல்ட் மேலும் சைலன்சர் குழாய் மேலும் கட்டை படக்கூடாது. செங்கல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் அது எப்போது பிளக்கும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் முதன்முறையாகச் செய்யும்போது ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கி நிறுத்திய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டியே ஆடும். ஸ்பானரை முன்னும் பின்னுமாக இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். (இங்கே கடையில் ஸ்பானர் என்று கேட்டால் விழிப்பார்கள், "பானா" என்று கேளுங்கள்.) பிறகு பிரேக் கேபிளையும் ஸ்பீடாமீட்டர் கேபிளையும் விடுவித்து ஆக்ஸிலை உருவினால் சக்கரம் இறங்கிவிடும். பக்கத்தில் விழும் சிறு வளையத்தை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்த்து எடுத்து வையுங்கள்.

பின்சக்கரத்துக்கு மூட்டை தேவையில்லை. முன்பிரேக் பிடியை ஒரு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி உருளாது. ஸ்ப்ளெண்டரில் செயினைத் தொடாமலே சக்கரத்தை வலப்பக்கம் உருவலாம். வெளியே எடுக்கும்போது வண்டியை இடப்பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும், அதற்குக் கட்டாயம் இன்னொருவர் வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே சமயத்தில் கழற்றுவதை வீட்டில் முயலாதீர்கள்.

சென்டர் ஸ்டாண்டு இல்லாத இன்றைய வண்டிகளுக்குப் பின்பக்கம் மாட்டித் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு என்று தனியாகக் கிடைக்கிறது. அதைப் போடும்போது ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரம் வெளியே இருக்கும் நேரத்தில் பிரேக்கை அழுத்தவே கூடாது. பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டுவதில்தான் எனக்கு இரண்டாவது பயம் வந்தது. முன் ஃபோர்க்கின் கீழே ஒரு முண்டு இருக்கும், பிரேக் தட்டில் அதற்கேற்ற பள்ளம். இரண்டும் பொருந்தாமல் ஆக்ஸிலை இறுக்கிவிட்டால், பிரேக் பிடித்ததும் தட்டு சக்கரத்தோடு சுற்றும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் ஆள் பறந்துதான் விழ வேண்டும். அன்று முதலில் நான் மாட்டியபோது பொருந்தவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தவன் மகன். பின்சக்கரத்தில் இதே வேலையைச் செய்வது பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பி. அதன் போல்ட்டையும் பின்னையும் மறந்தால் அதே கதிதான்.

இரவு பத்து மணிக்கு முடிந்தது. வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு தடவை முன்பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன். காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

அந்தக் கட்டைகளும் பலகையும் கயிறும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. காலனியில் யார் கேட்டாலும் தருகிறேன். அரிசி மூட்டையை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.