கேள்விக்குறிக்குப் பின்னால்...

பிரவுசரில் ஓடும் முகவரிக்கு நடுவே சில சமயம் ஒரு கேள்விக்குறி வருமே, கவனித்ததுண்டா? அதற்கு முன்னால் இருப்பது, எந்தப் பக்கம் வேண்டும் என்பது. பின்னால் இருப்பது, அந்தப் பக்கத்துக்கு நாம் கொடுத்தனுப்பும் சேதி. இதற்குத்தான் 'குவெரி ஸ்டிரிங்' என்று பெயர். 'மார்க்?ரோல்=27&செம்=4' என்றால் ரோல் நம்பர் 27, செமஸ்டர் 4. ஜோடிக்கு ஜோடி நடுவில் ஒரு '&'. அவ்வளவுதான் இலக்கணம்.

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நாங்களும் மாட்டிக்கொண்டோம்!

எங்கள் புராஜெக்டில் நூலகத் தேடல் ஒரு பகுதி. 'சி++' புத்தகங்களுக்குக் கையாலேயே ஒரு லிங்க் எழுதினோம். தட்டினால் வெறும் 'சி' புத்தகங்கள் வந்து நிற்கின்றன. அரை நாள் டேட்டாபேஸைத் திட்டித் தீர்த்தோம். பாவம், அது என்ன செய்யும்? குவெரி ஸ்டிரிங்கில் வரும் '+' குறியை இடைவெளி என்று எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். நிஜக் கூட்டல் குறி வேண்டுமென்றால் '%2பி' என்று எழுத வேண்டும். 'எலக்ட்ரிகல் & எலக்ட்ரானிக்ஸ்' என்று அனுப்பினால் பெயர் பாதியிலேயே அறுந்துவிடும்; அங்கே '&'க்குப் பதில் '%26'. நம் 'அ' இருக்கிறதே, அது யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். பைட்டுக்கு மூன்று குறி வீதம் ஒன்பது குறிகளாகப் போகும். ஃபார்ம் வழியாக அனுப்பினால் பிரவுசரே இதையெல்லாம் மாற்றிவிடும். கையால் எழுதினால் நம் பொறுப்பு. பிஎச்பியில் 'யூஆர்எல்என்கோட்' என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது.

இதைவிடப் பெரிய வினை டெமோ அன்று வந்தது. 27 தன் லாகினில் மார்க்கைக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஜூனியர் விளையாட்டாக முகவரியில் 27ஐ 28 ஆக்கினான். அடுத்தவன் மார்க், இரண்டு அரியர் உட்பட, புரொஜெக்டரில் பளிச்சென்று விழுந்தது. அந்த 28 பின்பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அன்று மதியம் அவன் எங்களோடு சாப்பிட வரவில்லை.

"போஸ்ட் முறைக்கு மாத்திட்டா தெரியாதுல்ல சார்?" என்று கேட்டோம். "முகவரியில தெரியாது. ஆனா மாத்தணும்னு நினைக்கிறவன் அதையும் மாத்துவான்" என்றார் சார். பாஸ்வேர்டு போன்றவற்றை முகவரியில் வைத்தால் ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும் பதிந்துவிடும். அதற்குப் போஸ்ட் நல்லது. ஆனால், கேட்பவர் யார் என்பதை சர்வர்தான் பார்க்க வேண்டும்.

ராத்திரியோடு ராத்திரியாக ரோல் நம்பரை முகவரியிலிருந்து எடுத்துவிட்டு, லாகின் செஷனிலிருந்தே படிக்கும்படி மாற்றினோம். மறுநாள் சார் மிச்சமிருந்த 'செம்=4'ஐ 7 ஆக்கித் தட்டினார்.

'அப்படி ஒரு செமஸ்டர் இல்லை' என்று வந்தது. 28தான் முதலில் சிரித்தான்.